இலையில் இல்லாதது

நாளொன்றுக்கு 25 கிராம் கோதுமை. தென்னிந்தியர் சராசரியாகச் சாப்பிடுவது அவ்வளவுதான் என்கிறது 2016-இல் வெளியான ஓர் ஆய்வு. ஒரு சப்பாத்திக்குக் காணும், இரண்டுக்குக் காணாது. அதே ஆய்வில் வட இந்தியருக்கு 455 கிராம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் குடல் மருத்துவராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வடக்கு, வடகிழக்கு மாநில மருத்துவர்களும் சேர்ந்து 23,331 பேரின் ரத்தத்தைப் பார்த்து எழுதியது. அவர்கள் தேடியது சீலியாக் என்ற நோயை. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், கிருமியை எதிர்க்க வேண்டிய படை சொந்தக் குடலையே தாக்கத் தொடங்கும் நோய் அது.

வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு அது இருந்தது. தெற்கே பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு.

கோதுமை தின்னாத ஊரில் கோதுமை நோய் எப்படி வரும் என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். புரட்டவிடாதது அடுத்த எண். இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு வகைகள் இரண்டு. வடக்கே 100-க்கு 38 பேரிடம் அவற்றில் ஒன்றாவது இருக்கிறது. தெற்கே 100-க்கு 36 பேரிடம். ஏறக்குறைய சமம். தென்னிந்தியா என்று எழுதியிருக்கும் இடத்தில் எங்கள் காவிரிப் படுகையையும் சேர்த்தே வாசிக்கிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பேருந்தில் மூவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் அந்த மரபணுவோடு பயணம் செய்கிறார். அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இதுவரை வந்ததில்லை.

*

ஐப்பசிப் பௌர்ணமி. தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் அன்னாபிஷேகம். அவ்வளவு பெரிய லிங்கத்தைச் சோற்றாலேயே மூடுகிறார்கள். பிறகு ஒரு பங்கு பிரசாதமாக வரிசையில் நிற்பவர்களுக்கு, ஒரு பங்கு நீர்நிலையில் மீன்களுக்கு.

அதே மாதத்தில் வயல்பக்கம் வேறு காட்சி. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்குமா இறங்காதா என்று விவசாயி வானத்தையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுவாமிக்குச் சோற்றைச் சாத்துகிற இந்த ஊரில்தான் இப்போது சோறு சந்தேகத்துக்குரிய பண்டமாகிவிட்டது. காரணம் சர்க்கரை. வீட்டில் முதல் ஆளுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரத்தில் கோதுமை மாவுப் பொட்டலம் அடுக்களைக்குள் வருகிறது. ‘ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி’ என்பது மாத்திரைச் சீட்டில் எழுதாத மாத்திரை. பெரியவர்களுக்குச் சப்பாத்தி என்றால் பிள்ளைகளுக்குப் பரோட்டா, காலையில் ரவா உப்புமா, அவசரத்துக்குச் சேமியா. சர்க்கரைக்கு முக்கியம் அளவு என்பதை மருத்துவர்கள் சொல்லாமல் இல்லை. நாலு சப்பாத்தியைக் குருமாவோடு முடித்துவிட்டு ‘சோறே தொடறதில்லை’ என்று பெருமைப்படும் மிராசுதார்களை எனக்குத் தெரியும்.

கோதுமையை நான் திட்டவில்லை. பெரும்பாலோரை அது ஒன்றும் செய்யாது. மரபணு இருக்கிறவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வரும். ஆனால் அந்த 25 கிராம் இன்றைக்கும் 25 கிராமாகவே இருக்கும் என்று எங்கள் தெருவைப் பார்த்தால் தோன்றவில்லை.

*

குடல் உடம்புக்குள் இருக்கிறது என்று நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அது உடம்பு வழியாக ஓடுகிற வெளிப்புறம். வாயில் போட்ட கவளம் குடல் சுவரைத் தாண்டும்வரை நம்முடையது ஆகவில்லை. அந்தச் சுவரின் மேலடுக்கு ஒரே ஒரு செல் கனம். அதற்குக் கீழேதான் நோய் எதிர்ப்புச் செல்களின் பெருங்கூட்டம் காத்திருக்கிறது.

அவற்றின் வேலை விசித்திரமானது. நாள்தோறும் மூன்று வேளையும் அயலானவை வந்து இறங்குகின்றன. அரிசி, பருப்பு, மீன், மோர். அவற்றோடு கோடிக்கணக்கில் பாக்டீரியா. இத்தனையையும் விட்டுவிட்டுக் காலராக் கிருமி வரும்போது மட்டும் எழுந்திருக்க வேண்டும். சும்மா இருப்பது அங்கே ஒரு வேலை. அந்த வேலையைச் செய்யவைப்பதற்கென்றே ஒரு வகை டி செல்கள் உண்டு. மற்றச் செல்கள் துள்ளும்போது அவற்றை அடக்குபவை. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அவற்றை அடையாளம் காட்டினார். அவருக்கும், அந்தச் செல்களை ஆளும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சண்டை போடாமல் இருப்பதைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பரிசு என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

சீலியாக்கில் அந்த அடக்கம் எப்படித் தவறுகிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். குளூட்டன் முழுதாகச் செரிக்காத புரதம். அதன் துண்டுகள் சுவரைத் தாண்டும்போது நம் உடலின் நொதி ஒன்று அவற்றின் உருவைச் சற்று மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு, அந்த மூன்றில் ஒருவரிடம் இருக்கும் மரபணு செய்த கொக்கியில் கச்சிதமாக மாட்டிக்கொள்கிறது. டி செல்கள் அதைப் பகை என்று எடுத்துக்கொள்கின்றன. குடலின் உறிஞ்சிகள் அழிந்து சுவர் மழுங்குகிறது. சோறு போனாலும் சத்து ஏறாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாவது குளூட்டனுக்கு எதிராக மட்டுமில்லை, துண்டை உருமாற்றிய சொந்த நொதிக்கு எதிராகவும்தான். அந்த நொதி எது என்று 1997-இல் கண்டுபிடித்தார்கள். இன்றைய ரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்தது.

கோதுமையை நிறுத்தினால் சண்டை ஓய்கிறது. உறிஞ்சிகள் மறுபடி வளர்கின்றன. தன்னுடல் தாக்கு நோய்கள் பல உண்டு: மூட்டுகளைத் தாக்கும் சரவாங்கி, லூபஸ், சிறுவர்களுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை, தைராய்டைத் தின்னும் ஹஷிமோட்டோ. தூண்டுவது இதுதான் என்று கையில் எடுத்துக் காட்ட முடிகிற நோய் அநேகமாகச் சீலியாக் ஒன்றுதான்.

*

திருவையாற்றுப் பக்கம் ஆற்றோரமெல்லாம் வாழை. அந்தத் தோப்புகளைத் தாண்டும்போது சிட்னி ஹாஸ் நினைவுக்கு வருவார். நியூயார்க் குழந்தை மருத்துவர். சீலியாக் பிள்ளைகள் வயிறு உப்பி, கைகால் சூம்பிச் செத்துக்கொண்டிருந்த காலம். காரணம் தெரியாது. 1924-இல் அவர் ஓர் உணவு முறையை வெளியிட்டார். வாழைப்பழம், நிறைய வாழைப்பழம். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் கூடாது. பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழம் அமெரிக்காவில் மருந்தாகிவிட்டது.

ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்ற மருத்துவர் வேறு பக்கமிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். கோதுமைமேல் அவருக்கு 1930-களிலேயே சந்தேகம். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையில் ஹாலந்து பட்டினி கிடந்தது. ரொட்டியே இல்லை. எல்லாரும் மெலிந்த அந்தக் காலத்தில் சீலியாக் பிள்ளைகள் தேறியதும், போர் முடிந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்ததும் அவர் சந்தேகத்தை உறுதி செய்தன. 1950-இல் ஆய்வேடாக எழுதினார்.

அதற்குப் பிறகும் ஹாஸ் வாழைப்பழத்தை விடவில்லை. அவருடைய பிள்ளைகள் பிழைத்தது உண்மை. அதற்கு அவர் சொன்ன காரணம் தப்பு. பிழைக்கவைத்தது தட்டில் வந்த பழமில்லை, தட்டைவிட்டுப் போன ரொட்டி.

உணவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்தக் கதையை நான் உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். ‘கருப்புக் கவுனி சாப்பிட ஆரம்பிச்சேன், மூட்டு வலி பாதியாக் கொறஞ்சுது’ என்று ஒருவர் சொல்லும்போது அவரை நம்புகிறேன். கூடவே, கவுனி வந்த வேளையில் எது போயிற்று என்று கேட்கிறேன். பெரும்பாலும் பேருந்து நிலையப் பரோட்டா போயிருக்கும், அல்லது இரவு பத்து மணிச் சாப்பாடு, அல்லது குடி.

*

தின்னும் கோதுமையின் கிராமும் சீலியாக் நோயும் நேர்க்கோட்டில் போனால் நன்றாகத்தான் இருக்கும். போகவில்லை. ராமகிருஷ்ணாவின் ஆய்வில் வடகிழக்கு மக்கள் சாப்பிடும் கோதுமை 37 கிராம். தெற்கைவிடக் கொஞ்சம்தான் கூட. நோயோ ஆயிரத்துக்கு நாலரைக்கு மேல். மரபணு அங்கே 100-க்கு 31, நம்மைவிடக் குறைவு. ஆக மரபணுவும் கோதுமையும் மட்டும் போதாது. மூன்றாவதாக ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது.

பின்லாந்திலும், எல்லைக்கு அந்தப்புறம் ரஷ்யாவின் கரேலியாவிலும் இதையே தேடினார்கள். ஒரே கோதுமை, ஒத்த மரபணு. பின்லாந்துப் பிள்ளைகளில் 107-க்கு ஒருவருக்குச் சீலியாக், கரேலியாவில் 496-க்கு ஒருவருக்கு. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வசதி. கரேலியாவில் பிள்ளைகள் அழுக்கில் அதிகம் வளர்ந்தார்கள், அதிகக் கிருமிகளைச் சந்தித்தார்கள். குழந்தைப் பருவத்தில் தொற்றுகளைச் சந்திப்பது குறைந்தால் ஒவ்வாமை நோய்கள் கூடும் என்று 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் முன்வைத்த கருத்தின் தொடர்ச்சி இது.

நம் பக்கத்துச் சான்று கொஞ்சம் சங்கடமானது. கும்பகோணத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை வெற்றிலை, பாத்திரம், டிகிரி காப்பி. ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் கொசுவும் யானைக்காலும் இருந்தன. ஊரைச் சொன்னால் காலைக் குனிந்து பார்ப்பார்கள். அந்த யானைக்காலை உண்டாக்கும் புழு, உடம்பில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்க வேண்டி, நம் நோய் எதிர்ப்பைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கிறது. சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம் அந்தப் புழுவின் தடயம் தென்படவில்லை. சர்க்கரை இல்லாதவர்களில் சிலரிடம் இருந்தது. முதல் வகைச் சர்க்கரையும் தன்னுடல் தாக்கு நோய்தான்.

இதை வைத்துக்கொண்டு யாரும் புழுவை வரவேற்கப் போவதில்லை. வரவேற்கவும் கூடாது. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு கல்யாண வீட்டு வாசலில் தயங்கி நின்றவர்களைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். அறிவுக்குப் புரிகிற ஒரு காரணம் மனசுக்கு ஆறுதலாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

*

தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையில் நிஃப்டெம் வளாகம். முழுப்பெயர் சொன்னால் மூச்சு வாங்கும்: தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம். தொடங்கியது 1967-இல், திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டிய ஒரு சிறு ஆய்வுக்கூடமாக. ஐப்பசி மழையில் நனைந்து முளைக்கிற குறுவை நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அதன் முதல் கவலை. பிற்பாடு தஞ்சாவூருக்கு வந்தது, பெயர்கள் மாறின, நெல்லிலிருந்து எல்லா உணவுக்கும் விரிந்தது. அங்கே மனித இரைப்பையையும் சிறுகுடலையும் போல ஒரு கருவி செய்து ‘ஆர்க்’ என்று பெயர் வைத்தார்கள். இயக்குநராக இருந்த ஆனந்தராமகிருஷ்ணன் முன்னின்று செய்த வேலை. சோற்றை விட்டால் அமிலம் சுரக்கும், பிசையும், நொதி சேரும், சர்க்கரை எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று தெரிந்துவிடும்.

நெல்லை உலர்த்தப் பிறந்த இடம் வயிறு செய்கிற இடமாக வளர்ந்தது எனக்கு நியாயமான வளர்ச்சியாகப் படுகிறது. நெல் போய்ச் சேருமிடம் அதுதானே.

அந்தக் கருவிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்கும். எதுவும் அதற்கு அயலில்லை, ஏனென்றால் தனக்கென்று ஒன்று அதற்கு இல்லை. நோயும் வராது.

*

பழைய சோற்றைப் பற்றி எழுதாமல் தஞ்சாவூர்க்காரன் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது.

புழுங்கலரிசிச் சோறு. ராத்திரி தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் விடிவதற்குள் இரண்டு காரியம் நடக்கிறது. தயிரைத் தோய்க்கும் இனத்துப் பாக்டீரியாக்கள் பெருகி லேசாகப் புளிக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். சத்தமில்லாமல் நடப்பது இன்னொன்று. வெந்து இளகிய மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகுகிறது. அதில் ஒரு பகுதியைச் சிறுகுடலின் நொதிகளால் உடைக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அரிசியைப் புழுக்கிக் காயவைக்கும்போதே இது கொஞ்சம் நடந்திருக்கும். பெருங்குடலில் இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. தின்றுவிட்டு அவை விடுகிற பியூட்டிரேட் என்ற சிறு அமிலம், பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். 2013-இல் எலிகளில் செய்த சில ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: பியூட்டிரேட் இருந்தால், சகாகுச்சியின் அந்த அடக்கும் டி செல்கள் குடலில் கூடுகின்றன.

இந்தச் செரிக்காத மாவுச்சத்தின் பலனை மனிதரிடம் காட்டியவர்களில் ஒருவர் அதே ராமகிருஷ்ணா. 2000-ஆம் ஆண்டில் வேலூரில் காலரா நோயாளிகளுக்கு உப்பு–சர்க்கரைக் கரைசலோடு மக்காச்சோளத்திலிருந்து எடுத்த செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி குறைந்தது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் செய்த அமிலங்கள் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொண்டன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைத் துறையில் மருத்துவர் ஜெஸ்வந்த் குழுவினர், அரசு நிதியுதவியோடு, அழற்சிக் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். பாட்டி சொன்னாள் என்று நிறுத்திக்கொள்ளாமல் நோயாளியை வைத்து அளந்து பார்க்கத் துணிந்ததற்காகவே அவர்களுக்கு என் வணக்கம்.

ஆக, பானையிலிருந்து பெருங்குடல் வரை, பெருங்குடலிலிருந்து டி செல் வரை கண்ணிகள் தனித்தனியே இருக்கின்றன. பானையிலிருந்து சரவாங்கிக்காரரின் விரல் மூட்டு வரை ஒரே சங்கிலியாகக் கோத்து யாரும் காட்டவில்லை. இந்த இடைவெளியில்தான் வாட்ஸப் வியாபாரம் செய்கிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, ஊறிய பிறகு 73.91 ஆகிவிடும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. இரும்பு தனிமம். பானையிலோ தண்ணீரிலோ இல்லாத இரும்பைப் பாக்டீரியா உண்டாக்க முடியாது. இருக்கிற இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். அதுவே நல்ல செய்திதான். தசமப்புள்ளி வைத்துச் சொன்னால் நம்பிவிடுகிறோம்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. இந்தப் படுகையில் பழைய சோறு ஆரோக்கியத்துக்காகத் தின்ற பண்டமல்ல. சுடுசோறு யாருக்கு, நீராகாரம் யாருக்கு என்பதைச் சாதி முடிவு செய்தது. பண்ணையாள் கொல்லைப்புறத்தில் குனிந்து வாங்கியது அது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டவர்களின் சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். நட்சத்திர விடுதியில் மண்சட்டியில் பழைய சோறும் மாவடுவும் பரிமாறுவதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் இதைத் தின்று எவ்வளவு திடமாக இருந்தார்கள் என்று மேடையில் பேசுவதுதான் தாங்கவில்லை. எல்லாரும் தின்னவில்லை. தின்றவர்கள் எல்லாரும் திடமாகவும் இல்லை.

*

சித்திக்குச் சரவாங்கி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்றை விலக்கச் சொன்னார்கள். ஒருவர் கத்திரிக்காய், ஒருவர் உருளைக்கிழங்கு, ஒருவர் தயிர், ஒருவர் புளி, வாழைக்காய், பருப்பு. வாயு என்றார்கள், பித்தம் என்றார்கள். கடைசியில் ரசஞ்சோறு மட்டும் மிஞ்சியது. வலி அப்படியே இருந்தது, சித்திதான் இளைத்துப்போனார்.

“ஏம்ப்பா, நீதான் படிக்கிறியே. எதத் தின்னா இந்த நோவு போகும்?”

“எதத் தின்னாலும் போகாது சித்தி. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. கத்திரிக்காய் சாப்பிடுங்க.”

சிரித்தார். கத்திரிக்காய் கொத்சு அவருக்கு உயிர்.

சரவாங்கிக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1991-இல் ஆஸ்லோ மருத்துவர்கள் 27 நோயாளிகளை ஏழிலிருந்து பத்து நாள் ஏறக்குறையப் பட்டினி போட்டு, பிறகு சில மாதம் பாலும் கோதுமையும் இல்லாத மரக்கறி உணவு, அதற்கப்புறம் பாலும் சேர்த்துச் சைவம் என்று ஓர் ஆண்டு நடத்திப் பார்த்தார்கள். வழக்கமான உணவு தின்ற மற்றக் குழுவைவிட அவர்களுக்கு வீக்கமும் வலியும் குறைந்தன. ஏகாதசிக்காரர்கள் இதைக் கேட்டால் குதிப்பார்கள். ஆனால் குழு சிறியது. தன் தட்டில் என்ன இருக்கிறது என்பது தின்கிறவருக்குத் தெரியும். மாத்திரை ஆய்வில் மறைப்பதுபோல் மறைக்க முடியாது. எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கும்.

நியூயார்க்கில் 2013-இல் புதிதாகச் சரவாங்கி வந்தவர்களின் குடலில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா மிகுந்திருப்பதைக் கண்டார்கள். உடனே அது வில்லனாகிவிட்டது. இந்தியாவில் போபால் பக்கத்துச் சைவ உணவுக்காரர்களை ஆராய்ந்தபோது, நோயில்லாதவர்களின் குடலிலேயே அந்த இனம்தான் நிறைந்திருந்தது. ஒரு நாட்டில் குற்றவாளி இன்னொரு நாட்டில் வீட்டு ஆள். மலத்தைக் கூரியரில் அனுப்பினால் பாக்டீரியாப் பட்டியலும் உணவு அட்டவணையும் தருகிறோம் என்று இப்போது விளம்பரம் வருகிறது. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

சித்திக்கு மருத்துவர் எழுதியது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். விரல்கள் இப்போது மடங்குகின்றன. கொத்சும் நடக்கிறது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம், 95-ஆவது. அதில் ஒரு மருந்துச் சரக்கின் பெயர்கூடக் கிடையாது. பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறுகிறவர்கள் அதிகாரத்தின் கடைசி மூன்று பாட்டைப் படிப்பதில்லை. அங்கே நோயின் காரணத்தை ஆராயச் சொல்லி, நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நிற்கிறவர் எல்லாரும் வந்துவிடுகிறார்கள்.

*

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தொட்டுக் கொடுத்த வேலையை எடுத்து 174 பாரம்பரிய ரகங்களைச் சேர்த்துவிட்டு 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தார். காட்டுயானம் வெள்ளத்தில் நிற்கும், குழியடிச்சான் கடலோரத்து உப்பு மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் ஏங்குகிற படுகைக்கு இவை வேண்டும்.

இன்று அந்த நெல்லின் பொட்டலங்களில் வெள்ளம், உப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூட்டுவலி தீரும், சர்க்கரை தீரும், புற்று தீரும். தீட்டாத அரிசி நார்ச்சத்து தருகிறது, பாக்டீரியாவுக்கு இரை போடுகிறது, அதற்காகத் தாராளமாக வாங்கலாம். விளைவித்தவருக்கு நல்ல விலை போகிறது என்பதற்காகவும் வாங்கலாம். சரவாங்கிக்கென்று வாங்க வேண்டாம்.

*

சீலியாக் வந்தவருக்கு உலகத்தில் வசதியான ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்க வேண்டும். இட்லி, தோசை, பொங்கல், அடை, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, முறுக்கு, அதிரசம், கும்பகோணம் கடப்பா, எதையும் விட வேண்டாம். திருவையாற்று அசோகா அல்வாவை விட வேண்டியிருக்கும். பாசிப்பருப்போடு கோதுமை மாவும் சேர்கிறது. ஒளிந்திருக்கும் ஆபத்து அஞ்சறைப்பெட்டியில்: கூட்டுப்பெருங்காயத்தில் பலவற்றில் பாதிக்கு மேல் கோதுமை மாவோ மைதாவோதான். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

இரும்பு மாத்திரை போட்டும் ரத்தசோகை தீராதவர்கள், மாதக்கணக்கில் பேதி போகிறவர்கள், வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளைகள், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள், உடன்பிறந்தவருக்குச் சீலியாக் இருக்கிறவர்கள் மருத்துவரிடம் அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். டி.டி.ஜி. என்றால் அவருக்குப் புரியும். தென்னாட்டில் இது இல்லை என்று அவர் கையசைத்தால் இன்னொரு முறை கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். நிறுத்திய சில மாதங்களில் எதிர்ப்பொருள் இறங்கிவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரும்.